ரெண்டும் அண்ணன் அழுத்திய பொத்தான்

ஒரகடத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில்தான் விழ வேண்டும். அத்தனை கம்பெனிகளிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், தானே ஒரு கருத்தைச் சொல்லி, அடுத்த வரியில் தானே அதை மறுத்து, மறுத்ததற்காகத் தன்னைத் தானே திட்டி, அதற்கும் கீழே தன் பெயரையே போட்டுக்கொண்ட மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் ரெண்டும் அண்ணன்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் அது அச்சாகியும் இருந்தது. அந்த அட்டை எப்போதும் திரும்பியே தொங்கியதால், அவருக்குப் பெயர் என்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரத்த வகையும் கம்பெனி விலாசமும்தான்.

நான் அங்கே அட்மின் ஆபீசில் ட்ரெய்னியாக இருந்தேன். கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் அடிக்கிற கம்பெனி. ப்ரெஸ் ஷாப்பில் தகட்டை அழுத்தும் மெஷின் ஒரு தடவை இறங்கினால் ஆபீசில் டீ டம்ளர் ஒரு தடவை குதிக்கும். எனக்கு மேலே அட்மின் சார். திருநெல்வேலிக்காரர். "வாயால சொல்லுத கொறையெல்லாம் காத்தோட போயிரும். போர்டுல எழுதுனாத்தான் கொறை" என்பது அவருடைய சட்டம்.

அவர் சொன்ன போர்டு, கம்பெனியின் உள் இணையதளத்தில் இருந்த கருத்துப் பலகை. கேன்டீன் வாசலில் இருந்த பொதுக் கம்ப்யூட்டரிலும் எழுதலாம், அவரவர் போனிலும் எழுதலாம். நமக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம். எல்லாம் சரி. ஆனால் அதைச் செய்து கொடுத்த புண்ணியவான் எந்த அவசரத்தில் செய்தாரோ, ஒரு தலைப்புக்கு மொத்தமே ஒரு பக்கம்தான். பதில் எழுதப் போனால் அதுவரை எல்லாரும் எழுதியது முழுசாகத் திறக்கும். அதற்குக் கீழே நாம் எழுதிப் பதிய வேண்டும். நாம் எழுதுகிற நேரத்தில் வேறு யாராவது பதிந்துவிட்டால் சிவப்பாக ஒரு பெட்டி முளைக்கும். "நீங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது இன்னொருவர் இந்தப் பக்கத்தை மாற்றிவிட்டார்" என்று சொல்லும். அடியில் மூன்று பொத்தான்கள்: என்னுடையது போதும், அவருடையது போதும், இரண்டும் வேண்டும்.

முதல் பொத்தானை அழுத்தினால் இன்னொருவர் எழுதியது சுவடில்லாமல் போய்விடும். இரண்டாவதை அழுத்தினால் நாம் எழுதியது போய்விடும். மூன்றாவதை அழுத்தினால் நம் எழுத்தும் அதன் பின்னாலேயே அவர் எழுத்தும் ஒரே பெட்டியில், நம் பெயரில் வந்து விழும். நாம்தான் பொறுமையாகப் பிரித்து அடுக்க வேண்டும். கம்பெனியில் எல்லாரும் யோசிக்காமல் முதல் பொத்தானை அழுத்தினார்கள். இரண்டாவது பொத்தானை இந்த உலகத்தில் யார் அழுத்துவார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மூன்றாவது பொத்தானை ஒரே ஒருவர் அழுத்தினார். அழுத்திவிட்டு எதையும் பிரிக்காமல், அடுக்காமல், அப்படியே பதிந்தார்.

முதல் களேபரம் சாம்பாரில் ஆரம்பித்தது. அண்ணன் பொதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, "இன்று சாம்பார் அருமை. உப்பு சரியாக இருந்தது. சமைத்தவருக்கு நன்றி" என்று எழுதிக்கொண்டிருந்தார். அவர் "அருமை"க்கு "ரு" எங்கே என்று தேடிய நேரத்தில் மோல்டிங் பிரிவிலிருந்து ஒருவன் போனில் எழுதிப் பதிந்துவிட்டான். சிவப்புப் பெட்டி வந்தது. அண்ணன் மூன்றாவது பொத்தானை அழுத்தினார். பலகையில் அவர் பெயரில் வந்தது இது:

"இன்று சாம்பார் அருமை. உப்பு சரியாக இருந்தது. சமைத்தவருக்கு நன்றி. இது சாம்பாரா, கை கழுவின தண்ணியா? உப்பே இல்ல."

கேன்டீன் மாஸ்டர் கையில் கரண்டியோடு, அண்ணன் வேலை செய்யும் ப்ரெஸ் ஷாப்புக்கே போய்விட்டார்.

"ணா, இன்னா எழுதிக்கிற நீ? உப்பு கீதா, இல்லியா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"எனக்குக் கீதுப்பா."

"அப்பறம் இல்லேன்னு எதுக்குப் போட்ட?"

"அத்த நான் போடல. நான் எழுதிக்கினு இருக்கும்போது இன்னொருத்தர் எழுதிக்கிறாரு. அவருக்கு இல்லியாம்."

"அவருக்கு இல்லாங்காட்டி அவரு பேர்ல வரட்டும். உன் பேர்ல எதுக்கு வருது?"

"அவரு எழுதி வச்சத நான் அழிக்கறதா? நல்லா சொன்ன போ. ரெண்டும் இருக்கட்டும்பா."

மாஸ்டருக்கு உப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியவில்லை. மறுநாள் சாம்பாரே வைக்காமல் ரசம் வைத்துவிட்டார். அண்ணனுக்கு அன்று வந்த பெயர்தான் ரெண்டும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பலகையில் இருந்த தன் பெயரையும் "ரெண்டும்" என்று மாற்றிக்கொண்டார்.

இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் ப்ரெஸ் ஷாப்புக்கே போய் விசாரித்தேன். மெஷின் பக்கத்தில் ஒரு வெள்ளை போர்டு தொங்கியது. ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் "டை அச்சில் சத்தம் வருகிறது", "இடது பக்கம் ஆயில் கசிவு" என்று அதில் எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த ஷிஃப்ட்காரர்கள் அந்தக் கோளாறு தீரும்வரை அதை அழிக்கக் கூடாது. தாங்கள் பார்த்ததை அதன் கீழேதான் எழுத வேண்டும். எப்போதோ ஒருவர் அவசரப்பட்டுத் துடைத்துவிட, அன்று அடித்த சட்டமெல்லாம் கோணலாகி ஸ்கிராப்புக்குப் போயிற்றாம். அதிலிருந்து அந்த போர்டுக்கு அண்ணன்தான் காவல். டஸ்டரைக்கூடத் தன் லாக்கரில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"எழுதினவன் வூட்டுக்குப் போயிட்டான் பாப்பா. இனிமே அவனுக்கு வாயி இந்த போர்டுதான். அத்த அழிச்சா, அவன் இல்லாத நேரம் பாத்து அவன் வாயப் பொத்தற மாதிரி."

"அண்ணா, இது மெஷின். அது சாம்பார்."

"சாம்பார்லயும் யாரோ ஒருத்தன் கஷ்டப்பட்டுக்கிறான் இல்ல?"

அவரிடம் பேசிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் ஆகும். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போன கேள்வி பாதி வழியில் என் கையிலேயே கரைந்து போயிருக்கும்.

அடுத்தது மெயின்டனன்ஸ் சார் ஓய்வு பெற்ற நாள். பலகையில் "பொது" என்று ஒரு தலைப்பு உண்டு. வாழ்த்தும் அங்கேதான், வசவும் அங்கேதான். அண்ணன் மதியமே உட்கார்ந்துவிட்டார். அதே நேரத்தில் பேக்கிங்கிலிருந்து யாரோ கழிவறைக் குழாயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். விளைவு:

"நம் மெயின்டனன்ஸ் சார் இன்றோடு ஓய்வு பெறுகிறார். அவரைப் போல ஒருவரைப் பார்க்க முடியாது. ராத்திரி பகலா ஒழுகிக்கினே கீது. எத்தினி வாட்டி சொல்றது? கழட்டிப் போட்டுட்டு புதுசு வைங்க."

மாலையில் சால்வை போடுகிற நேரத்தில் மெயின்டனன்ஸ் சார் மைக்கைப் பிடித்து, "யாருப்பா ஒழுகறது? நானா?" என்று கேட்டார். அண்ணன் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "சார், உங்கள மாதிரி ஆளே இல்லன்னது நானு. மிச்சம் கொழாய்" என்றார். கூட்டம் சிரித்ததில் கேக் வெட்ட மறந்துவிட்டார்கள்.

மழைக்காலத்தில் விவகாரம் கொஞ்சம் முற்றியது. "நாளைக்கு ஷிஃப்ட் உண்டா?" என்று யாரோ பலகையில் கேட்டிருந்தார்கள். அண்ணன், "உண்டு, சூப்பர்வைசர் சொன்னார்" என்று எழுதினார். அதற்குள் இன்னொருவர், "செம்பரம்பாக்கம் ஏரி தொறக்கறாங்களாம், லீவுதான்" என்று எழுதிவிட்டார். மறுநாள் பாதிப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களைக் கேட்டால் ரெண்டும் அண்ணன் உண்டு என்றார் என்றார்கள். வராதவர்களுக்குப் போன் போட்டால் ரெண்டும் அண்ணன் லீவு என்றார் என்றார்கள். இரண்டு தரப்பும் ஆதாரமாகக் காட்டியது ஒரே பதிலை. ஏரியையும் அன்று திறக்கவில்லை.

கடைசியில் அட்மின் சார் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும்படி ஆயிற்று. காரணம், பலகையில் அண்ணன் பெயரில் இருந்த ஒரு வாசகம். யாரோ எரிச்சலில் "இந்த ரெண்டும் அண்ணன் ஒரு லூசு, இவராலதான் எல்லாம் பேஜாரு" என்று எழுதியிருக்க, அதே நேரத்தில் பதிந்த அண்ணன் அதையும் அப்படியே தன் பெயரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? உம்ம நீரே லூசுன்னு எழுதி வச்சிருக்கீரு?"

"அது வேற ஒருத்தர் எழுதினது சார்."

"அப்போ அத அழிக்க வேண்டியதுதான?"

"பாவம் சார், மனசு ஒடஞ்சி எழுதிக்கிறான். கொஞ்ச நாளு இருக்கட்டும்."

அட்மின் சார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "போங்க, போய் வேலையப் பாருங்க" என்றார். அவர் சொன்னது அண்ணனையா என்னையா என்று தெரியாததால் இரண்டு பேருமே வெளியே வந்துவிட்டோம்.

இதுவரை சிரித்தாயிற்று. இனி பஸ் விஷயம்.

என் ஊர் சேரப்பணஞ்சேரி. கம்பெனி பஸ் ஒன்று எங்கள் தெருமுனைக்கு வரும். அந்த பஸ்ஸை நம்பித்தான் அப்பா என்னை வேலைக்கு விட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். எங்கள் சாலையில் ஓடும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருந்தால் நீங்களும் பயப்படுவீர்கள். அவற்றுக்கு நடுவில் மகள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "பஸ்ஸு நம்ம தெரு மொனைக்கு வர்ற வரிக்கும் போ. அது நின்னுச்சா, நீயும் நின்னுடு." நான் தலையாட்டினேன். பஸ் எங்கே நிற்கப் போகிறது என்ற தைரியம்தான்.

நின்றுவிடும் போலத்தான் ஆயிற்று. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி மண்ணூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக நிறையப் பேரை வேலைக்கு எடுத்தார்கள். அவர்களுக்கு பஸ் கிடையாது. இருக்கிற பஸ் ஒன்றுதான், அதை மண்ணூருக்கு விடுவதா, சேரப்பணஞ்சேரிக்கே விடுவதா என்று நிர்வாகம் பலகையில் ஒரு தலைப்பைத் திறந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். அதில் இருப்பதை வைத்து முடிவு செய்வதாகச் சொன்னார்கள். அட்மின் சாரிடம் நேரில் சொல்லிப் பார்த்தேன். "நீ அட்மின் பிள்ளைன்னு ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா? போர்டுல எழுது" என்றார்.

எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை, ஆபீஸ் கம்ப்யூட்டரில், சுற்றி வளைக்காமல் எழுதினேன்: "பஸ் தெருமுனைக்கு வந்தால்தான் அப்பா என்னை வேலைக்கு அனுப்புவார். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்." டீ இடைவேளைக்குப் பிறகு பார்த்தால் அது இல்லை. மண்ணூர்க்காரர் ஒருவர் முதல் பொத்தானை அழுத்தியிருந்தார். மறுபடி எழுதினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதுவும் இல்லை. அன்று முழுவதும் பலகை அப்படித்தான் கிடந்தது. மண்ணூர்க்காரர்கள் எழுதியதைச் சேரப்பணஞ்சேரிக்காரர்கள் அழித்தார்கள், சேரப்பணஞ்சேரிக்காரர்கள் எழுதியதை மண்ணூர்க்காரர்கள் அழித்தார்கள். அவசரத்தில் எங்கள் ஊர்க்காரர்களே எங்கள் ஊர்க்காரர்களையும் அழித்தார்கள். எப்போது திறந்து பார்த்தாலும் பக்கத்தில் ஒருவர் இருவர்தான் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆட்கள்.

ரெண்டும் அண்ணன் முதல் ஷிஃப்ட் முடிந்ததும் பொதுக் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்கு வீடு ஒரகடத்திலேயே இருந்தது. சைக்கிளில் வருகிறவர். இந்தப் பஞ்சாயத்தில் இவருக்கு என்ன வேலை?

"இன்னும் முடியலியாண்ணா?"

"எங்க பாப்பா முடியுது? நான் பதியப் போனா செவப்புப் பொட்டி வந்துடுது. ரெண்டும்னு அமுக்கறேன். அவங்க எழுதினது எல்லாம் என் பொட்டிக்குள்ள வருது. ஏதாவது வுட்டுப் போச்சான்னு படிச்சிப் பாக்கறதுக்குள்ள இன்னொருத்தர் எழுதிடறாரு. மறுபடியும் செவப்பு."

"எல்லாரையும் மாதிரி முதல் பட்டன அமுக்கிட்டு எழுந்து போங்கண்ணா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை. கேன்டீன் மாஸ்டர் அவர் பக்கத்தில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதுவும் ஆறிப்போயிருந்தது.

நான் என் இடத்துக்குத் திரும்பி அதே வரியை மூன்றாவது தடவையாக எழுதிப் பதிந்தேன். ஐந்தரைக்கு எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. நான் கடைசியாக ஒரு தடவை போனில் பார்த்தேன். நான் எழுதியது இல்லை. மறுபடி எழுதினால் பஸ் போய்விடும். போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். சேரப்பணஞ்சேரிக்காரர்கள் எல்லாரும் ஓடினார்கள். மண்ணூர்க்காரர்கள் அரசு பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். பஸ்ஸுக்காகச் சண்டை போட்டவர்கள் யாரும் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கே உட்கார முடியாது அல்லவா? ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து முகத்தை வெளியே திருப்பி வைத்துக்கொண்டு அழுதேன். இந்த பஸ்ஸில் இன்னும் சில நாள்தான் என்று தோன்றியது.

மறுநாள் காலை அட்மின் சார் பக்கத்தை அச்செடுத்து வரச் சொன்னார். எடுத்தேன். கருத்து சொன்னவர் ஒரே ஒருவர் என்று இருந்தது. பெயர்: ரெண்டும்.

அட்மின் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

"எனக்கு பஸ் வேணாம். சைக்கிள் கீது. கேக்கறவங்களுக்குக் குடுங்க. நான் மாசமா இருக்கேன், ஷேர் ஆட்டோவுல குலுங்கிக்கினு வர முடியாது. மண்ணூர்க்காரங்க நேத்து வந்தவங்க, அவங்களுக்கு எதுக்கு பஸ்ஸு? சேரப்பணஞ்சேரிக்காரங்களுக்கு சொகுசு கேக்குது. மாமியாருக்கு ஊசி போட்டுட்டுக் கெளம்பினா அரசு பஸ் போயிடுது. என் வூட்டுக்காரருக்குக் கால் அடிபட்டுக்கீது, கொண்டாந்து வுட ஆள் இல்ல..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். எழுத்து மாறவில்லை.

"ஏம்மா, எனக்கு ஒண்ணும் வெளங்கலியே. இந்த ஆளு மாசமா இருக்காராம். இவருக்கு ஒரு வீட்டுக்காரரு வேற இருக்காராம். கூப்பிடு அவர."

அண்ணன் வந்து நின்றார். அடையாள அட்டை வழக்கம்போலத் திரும்பியிருந்தது.

"வேய், உம்ம வீடு மண்ணூர்லயா, சேரப்பணஞ்சேரிலயா?"

"ஒரகடம் சார்."

"உமக்கு பஸ் வேணுமா, வேண்டாமா?"

"வேணாம் சார்."

"அப்போ இவ்வளவும் யாருக்கு?"

"எழுதினவங்களுக்கு சார். ஒருத்தர ஒருத்தர் அழிச்சிக்கினே இருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல. எல்லாத்தையும் வச்சிக்கினு குந்திட்டேன். சாயங்காலம் பஸ்ஸுக்கு எல்லாரும் ஓடினாங்க பாருங்க, அப்பதான் செவப்புப் பொட்டி வராம பதிஞ்சிது."

அட்மின் சார் தாளை இன்னும் கீழே நகர்த்தினார். "பஸ் தெருமுனைக்கு வந்தால்தான் அப்பா என்னை வேலைக்கு அனுப்புவார்" என்று படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது யாரு அப்பா? உம்ம அப்பாவா?"

"எங்கப்பா செத்து ரொம்ப நாளாச்சு சார்."

"பின்ன?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரோட அப்பாவோ சார். அப்பாதான, அப்பிடித்தான் சொல்லுவாரு" என்றார்.

அழிந்து போயிற்று என்று நேற்று பஸ்ஸில் அழுதுகொண்டே விட்டுவிட்டு வந்த வரி, அவர் பெயருக்கு மேலே முழுசாக இருந்தது. ஒரு எழுத்து குறையவில்லை.

"சார், அது எங்கப்பா" என்றேன்.

அட்மின் சார் தாளை என்னிடம் கொடுத்து, "இதுல இருக்க ஒவ்வொரு வரியும் யாரு எழுதுனதுன்னு கண்டுபிடிச்சு, ஆளக் கூட்டிட்டு வா" என்றார்.

கூட்டிக்கொண்டு வந்தேன். மாமியாருக்கு ஊசி போடும் மண்ணூர் அக்கா வந்தார். மாசமாக இருந்த எங்கள் ஊர்ப் பெண் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால் அடிபட்ட வீட்டுக்காரருக்குச் சொந்தக்காரியும் வந்தாள். அறை நிறைந்து வராந்தா வரை நின்றார்கள். அவரவர் வரி வாசிக்கப்பட்டபோது அவரவர் கை தூக்கினார்கள். "நேத்து வந்தவங்க" என்று எழுதியவரும் "சொகுசு கேக்குது" என்று எழுதியவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அந்த வரிகள் வந்தபோது இருவரும் கை தூக்கவில்லை. தரையில் எதையோ மும்முரமாகத் தேடினார்கள்.

அண்ணன் கதவோரமாக நின்று, யாராவது விட்டுப்போய்விட்டார்களா என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

முடிவு என்ன தெரியுமா? வேறென்ன, ரெண்டும்தான். அதே பஸ் முதலில் மண்ணூருக்குப் போய் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிறகு எங்கள் ஊருக்கு வர வேண்டும். மண்ணூர்க்காரர்கள் ரொம்ப சீக்கிரம் வந்து கேன்டீன் பெஞ்சில் தூங்கி வழிந்தார்கள். நாங்கள் மணி அடிக்கிற நேரத்தில் வந்து கேட்டிலிருந்து ஓடினோம். யாருக்கும் திருப்தி இல்லை. எல்லாருக்கும் பஸ் இருந்தது. அப்பா தெருமுனையில் நின்று, "இன்னா, லேட்டா வருது இன்னிக்கு?" என்று தினமும் கேட்டார். ஆனால் நின்றுவிடு என்று சொல்லவில்லை.

அண்ணன் இதையெல்லாம் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? எனக்கு இன்றுவரை குழப்பம்தான். ஒரு தடவை நேரடியாகவே கேட்டேன்.

"அந்த வரி நான் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"எந்த வரி?"

"அப்பா வேலைக்கு அனுப்ப மாட்டார்னு..."

"நெறைய அப்பா எழுதிக்கிறாங்க பாப்பா, எனக்கு இன்னா தெரியும்?" என்றார். அந்தத் தாளில் இருந்தது ஒரே ஒரு அப்பா. இதைச் சொல்வதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

பிறகு எனக்குச் சென்னையில் ஒரு பத்திரிகை ஆபீசில் வேலை கிடைத்தது. இந்தத் தடவை அப்பா நிபந்தனை எதுவும் போடவில்லை. கம்பெனியில் என் கடைசி நாளன்று காலையில் அண்ணனைப் பார்த்து, "என்ன மறந்துடாதீங்கண்ணா" என்று சொல்லி விடைபெற்றேன். பிறகு பலகையில் "பொது" தலைப்பைத் திறந்து எழுதினேன்: "நாளை முதல் நான் வரமாட்டேன். எல்லாருக்கும் நன்றி. என்னை மறந்துவிடாதீர்கள்." பதிந்தேன். சிவப்புப் பெட்டி வந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தபோது இன்னொருவர் இந்தப் பக்கத்தை மாற்றிவிட்டாராம்.

கேன்டீன் வாசலை எட்டிப் பார்த்தேன். அண்ணன் அப்போதுதான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். அதிசயமாக அன்று அவருக்குச் சிவப்புப் பெட்டி வராமல் பதிந்திருக்கிறது.

அந்தக் கம்பெனியில் இருந்த காலமெல்லாம் நான் தொடாத மூன்றாவது பொத்தானை அன்றுதான் அழுத்தினேன். எதையும் பிரிக்கவில்லை, அடுக்கவில்லை. பலகையில் என் பெயரில் இப்படி வந்தது:

"நாளை முதல் நான் வரமாட்டேன். எல்லாருக்கும் நன்றி. என்னை மறந்துவிடாதீர்கள். எப்பிடி பாப்பா மறக்கறது? பத்திரமா போய்ட்டு வா. அப்பாவக் கேட்டதா சொல்லு."

அன்று மாலை முழுவதும் ஒரே போன். "ஏன்டி, உனக்கு நீயே ஆறுதல் சொல்லிக்கிற? உங்கப்பாவ நீயே கேட்டதா வேற சொல்ற? நல்லாத்தான இருக்க?" என்று தோழிகள் கேட்டார்கள். அட்மின் சாரும் கூப்பிட்டு, அந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டதா என்று விசாரித்தார்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, "அப்பா, உங்களக் கேட்டதா சொன்னாரு" என்றேன்.

"யாரும்மா?" என்றார் அப்பா.

"எங்க அண்ணன்" என்றேன்.